எங்கள் ஹால் காலியான விதம்

அந்தச் சனிக்கிழமை காலையில் எங்கள் ஹாலில் இருந்தவர்கள் நான், என் மனைவி, வீட்டை மாற்றியமைக்க நாங்கள் பிடித்திருந்த வெள்ளைக்கார டிசைனர் பெண்மணி, பழைய சோபாவை விலைக்கு வாங்கித் தூக்கிப்போக வந்த இரண்டு பேர். சாப்பாட்டு மேசையில் தண்ணீர்ச் சொம்பின்மேல் சாய்த்து வைத்த போனுக்குள் அம்மா. இல்லாதவர் அப்பா. அருப்புக்கோட்டையில் அப்போது ராத்திரி ஏழரை மணி. அவர் டீக்கடைக்குப் போயிருந்தார்.

சோபா வாசலைத் தாண்டி வெளியே போனதை அம்மா பார்த்தாள். அப்பா பார்க்கவில்லை. அம்மா சொல்லித்தான் அவருக்குத் தெரியும்.

"ஏய்யா, சோபாவ எங்க தூக்கிட்டுப் போறாக?"

"பழசும்மா. வித்தாச்சு."

"வித்தாச்சா? நல்லாத்தான கிடந்துச்சு. தீவாளிக்குக் காட்டுனப்ப புதுசுன்னு சொன்ன?"

"வேற வாங்கப் போறோம்மா."

"எப்ப?"

"பாப்போம்."

அந்த 'பாப்போம்' நான் மழுப்பிச் சொன்னதல்ல. காலியான ஹாலில் சில வாரங்கள் வாழ்ந்து பாருங்கள், வெயில் எந்த நேரம் எங்கே விழுகிறது, உங்கள் கால் தானாக எந்தப் பக்கம் போகிறது என்று கவனித்துவிட்டு அப்புறம் சாமான் வாங்கலாம் என்று டிசைனர் சொல்லியிருந்தார். இதை அம்மாவுக்கு எப்படிச் சொல்வது? ஒரு பெண்மணிக்குப் பணம் கொடுத்து வீட்டிலிருந்து பொருளை வெளியே அனுப்பச் சொல்லியிருக்கிறேன் என்றால் எனக்கே நம்ப முடியவில்லை.

டெக்சஸ் ரிச்சர்ட்சனில் அந்த வீட்டை வாங்கி ஒரு வருஷம் ஆகியிருந்தது. பழைய வீடு. பழுப்புக் கார்ப்பெட், காபி நிறச் சுவர், போதாததற்கு நாங்கள் வாங்கி நிரப்பிய சாமான்கள். மே மாதம் அப்பாவும் அம்மாவும் முதல் தடவையாக வருவதாக இருந்தது. விசா கிடைத்துவிட்டது. நான் பணம் அனுப்ப, அக்காவின் கணவர் மதுரையில் ஒரு டிராவல்ஸில் இரண்டு டிக்கெட்டும் எடுத்திருந்தார்.

எங்கள் வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான். அப்பா ஒரு பழைய சாமான் கடையில் வாழ்நாளெல்லாம் வண்டி தள்ளினார். ஊரில் யார் வீட்டில் கட்டிலோ பீரோவோ அண்டாவோ விலைக்கு வந்தாலும் அதை இறக்கிக் கடையில் சேர்ப்பது அவர் வேலை. விமான நிலையத்தை வெளியிலிருந்துகூடப் பார்த்ததில்லை. அவரையும் அம்மாவையும் ஒரு தடவை விமானத்தில் ஏற்றி, என் சம்பாத்தியத்தில் வாங்கிய வீட்டில் கொஞ்சநாள் உட்கார வைத்துவிட வேண்டும். அந்த வருஷம் வேறு எதற்கும் நான் அவ்வளவு ஆசைப்படவில்லை.

அதற்குள் வீடு அமைதியாக இருக்க வேண்டும் என்றாள் என் மனைவி. சென்னைக்காரி. வீட்டிலிருந்தே வேலை, நாளெல்லாம் மீட்டிங்.

"திரும்பின பக்கமெல்லாம் ஏதாவது சாமான் என்னையே பாக்கற மாதிரி இருக்குடா. உங்க அப்பா அம்மா வர்றப்போ வீடு அப்படியே காமா இருக்கணும். ஸ்காண்டிநேவியன் ஸ்டைல். கீழ் ரூம்ல ஒரு பெட், ஒரு சேர், ஒரு லேம்ப். அவ்ளோதான்."

நார்வே, ஸ்வீடன், டென்மார்க் பக்கத்துப் பாணி அது. வெளிர் மரம், வெள்ளைச் சுவர், கம்பளி, லினன் துணி. அங்கே பாதி வருஷம் இருட்டு. வருகிற கொஞ்ச வெளிச்சத்தையும் வீணாக்காமல் அறைக்குள் பிடித்து வைக்கத்தான் இவ்வளவு வெளுப்பு என்று டிசைனர் விளக்கினார். டெக்சஸில் வெயிலுக்கு என்ன பஞ்சம் என்று கேட்டேன். நல்ல கேள்வி என்றவர், சுத்த வெள்ளை அடித்தால் கண் கூசும், பால் கொஞ்சம் கலங்கினாற்போல் ஒரு வெள்ளை வேண்டும் என்று சொல்லி, சுவர் முழுக்க ஏழெட்டு இடத்தில் திட்டுத் திட்டாகச் சாம்பிள் பூசிவிட்டுப் போனார்.

அவர்மேல் எனக்கு முதலிலிருந்தே சந்தேகம். சேர்ப்பதற்குச் செலவு செய்துதான் எனக்குப் பழக்கம், எடுப்பதற்குச் செலவு செய்வது புதிது. அவர் சொல்கிற கடைகளில் அவருக்குக் கமிஷன் இருக்குமோ என்று, பரிந்துரைத்த நாற்காலியின் விலையை நான்கு கடைகளில் விசாரித்தேன். எல்லா இடத்திலும் அதே விலை. அதனால் சந்தேகம் இன்னும் கூடியது. நான்கு கடைக்காரர்களும் அவருக்கு வேண்டியவர்களாக இருக்கலாம் அல்லவா?

அடுத்தடுத்த வாரங்களில் டிவி சுவரிலிருந்து இறங்கி கராஜுக்குப் போனது. ஹாலின் நடுவே கூரையில் எரிந்த பெரிய விளக்கை எடுத்துவிட்டு, மூலைக்கு ஒன்றாகத் தாழ்வான காகித விளக்குகள் வைத்தோம். மேலிருந்து கொட்டுகிற வெளிச்சம் மனசை அலைக்கழிக்குமாம். சாப்பிடும்போது மேசையில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள் மனைவி. எனக்கே அது பிடித்துப்போனது. ஆபீஸிலிருந்து வந்து அந்த மங்கலில் உட்கார்ந்தால், நாளெல்லாம் கம்ப்யூட்டரில் பார்த்துக் கண்ணுக்குள் ஓடுகிற எழுத்துகள் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கின.

அம்மாவின் வீடியோ கால் அப்போதுதான் வரும்.

"கரண்டு இல்லையாய்யா?"

"இருக்கும்மா. விளக்கே இப்படித்தான்."

"மெழுகுவத்தி எரியுது?"

"அழகுக்கும்மா."

அம்மா பக்கவாட்டில் பார்த்தாள். திரையின் ஓரத்தில் அப்பாவின் வேட்டி தெரிந்தது. பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், முகம் காட்டவில்லை. எனக்குச் சுருக்கென்றது.

"சுவரெல்லாம் என்னய்யா திட்டுத் திட்டா உரிஞ்சு கிடக்கு?"

"உரியலம்மா, பெயிண்டு சாம்பிள்."

அதன்பிறகு போனை அப்பா வாங்கிக்கொண்டார். நலம் விசாரிக்கிறவர் அல்ல அவர். நேராகக் கேட்டார்:

"கார் நிக்குதா?"

"ஒண்ணு நிக்குதுப்பா."

"ரெண்டுல்ல வச்சிருந்த?"

"இன்னொன்னு சர்வீசுக்குப் போயிருக்கு."

"ம். டிவி?"

"கழட்டியாச்சு. உள்ள இருக்கு."

"ம்."

மறுவாரம் அம்மா என் மனைவியைக் கூப்பிடச் சொன்னாள். மனைவி அப்போது கதவு நிலையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள், கையெல்லாம் வெள்ளைத் தூள்.

"கையி வெறுங்கையா இருக்கே தாயி. வளையல் எங்க?"

"கழட்டி வச்சிருக்கேன் அத்தை."

"எங்க வச்சிருக்க?"

"உள்ளதான்."

போன் முடிந்ததும் மனைவி என் பக்கம் திரும்பினாள். "என்ன இது? கார் எங்க, டிவி எங்க, வளையல் எங்க. இன்வென்டரி எடுக்கறாங்களா? அது எங்க அப்பா போட்ட வளையல்."

"எனக்கும் தெரியல."

"உனக்கா தெரியாது?"

நிஜமாகவே தெரியவில்லை. தெரியாததால் யூகிக்க ஆரம்பித்தேன். மச்சானுக்கு ஏதோ பணமுடை. நேராகக் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, என்னிடம் என்ன இருக்கிறது என்று அப்பா மூலம் நோட்டம் பார்க்கிறார். அக்கா கணவரை நான் மச்சான் என்றுதான் கூப்பிடுவேன், நல்ல மனிதர்தான். ஆனால் யோசிக்க யோசிக்க அவர் எப்போதோ சிரித்ததுகூட வேறு மாதிரி ஞாபகம் வந்தது.

அதோடு அப்பா பயணத்தைத் தட்டிக்கழிக்கத் தொடங்கினார். முதலில் முட்டி வலி. வீல்சேருக்குச் சொல்லியிருக்கிறேன் என்றேன். பிறகு வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்றார். வந்து அடித்துக்கொள்ளலாமே என்றேன். அப்புறம், "உனக்கு எதுக்குய்யா வீண் செலவு" என்றார். டிக்கெட் எடுத்து இரண்டு மாதமாகிவிட்டது, இனி என்ன செலவு? யாரோ கலைக்கிறார்கள் என்று முடிவு செய்தேன். ஒருநாள் மனைவியையே கேட்டுவிட்டேன், "நீ அம்மாகிட்ட ஏதாவது சொன்னியா?" என்று. அன்றைக்கு வீட்டில் நிலவிய அமைதிக்கு எந்த டிசைனரும் தேவைப்பட்டிருக்காது.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் அடுத்த டவுனான பிளேனோவிலிருந்து ஒரு அங்கிளும் ஆன்ட்டியும் வந்து நின்றார்கள். அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரர். தமிழ்ச் சங்கப் பொங்கலில் ஒரே ஒரு தடவை பார்த்துப் பேசியிருக்கிறேன். அப்பா போகிற டீக்கடை அவருடைய அண்ணனுடையது என்று அப்போது சொல்லியிருந்தார். அங்கிள் தோளில் ஒரு இருபது பவுண்டு அரிசி மூட்டை. ஆன்ட்டி கையில் புளியோதரை டப்பா.

"சும்மா இந்தப் பக்கம் வந்தோம் தம்பி. ஆபர்ல ரெண்டு மூட்டை எடுத்தோம், ஒண்ணு உங்களுக்கு."

அரிசி மூட்டையோடு சும்மா இந்தப் பக்கம் யார் வருவார்கள்?

ஹாலைப் பார்த்து இருவரும் வாசலிலேயே தயங்கினார்கள். புதிதாகப் போட்ட வெளிர் ஓக் தரை, ஒரு நாற்காலி, ஒரு விளக்கு. ஆன்ட்டியை நாற்காலியில் உட்காரச் சொன்னேன். "இருக்கட்டும்பா, நீ உக்காரு" என்று அவர் தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்குப் போய், மளிகைச் சாமான் வைக்கும் பேன்ட்ரியைத் திறந்தார். டிசைனர் சொல்லி, பைகளையெல்லாம் தூக்கிவிட்டு ஒரே அளவு கண்ணாடி ஜாடிகளில் பருப்பும் ரவையும் கொட்டி வைத்திருந்தோம். பார்வைக்கு நெருக்கடி இருக்கக் கூடாது என்பதால் எல்லாம் கால் ஜாடி.

"இவ்வளவுதானாம்மா பருப்பு?"

"தேவையானது மட்டும்தான் ஆன்ட்டி வாங்கறோம். இப்ப எல்லாமே குறைச்சாச்சு" என்றாள் என் மனைவி பெருமையாக.

ஆன்ட்டி மூக்கை உறிஞ்சினார். அலர்ஜி சீசன் என்று நினைத்துக்கொண்டோம்.

ஹாலில் அங்கிள் என்னை ஜன்னல் பக்கம் தள்ளிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினார். "வேலையெல்லாம் எப்படித் தம்பி? உங்க ஏரியாவுல நிறைய பேரை லே ஆஃப் பண்றாங்களாமே?"

"போகுது அங்கிள்."

"இந்தக் காலத்துல ஒரு சம்பளத்தை நம்பி இருக்கக் கூடாது. எனக்குத் தெரிஞ்சவங்க நாலு பேர் இருக்காங்க. கூச்சப்படாமச் சொல்லுங்க, பேச வைக்கிறேன்."

எனக்குள் மணி அடித்தது. இந்த நாட்டில் காய்கறிக் கடையில் நம் ஊர் முகம் ஒன்று சிரித்துக்கொண்டு வந்து எங்கே வேலை என்று கேட்டால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டு ஹாலில் நம்மை உட்கார வைத்து, ஆள் சேர்த்தால் கமிஷன் என்கிற சங்கிலி வியாபாரத்துக்கு வெள்ளைப் பலகையில் வட்டம் போடுவார். அரிசி, புளியோதரை, தெரிந்த நாலு பேர். எல்லாம் பொருந்தியது.

"அங்கிள், தப்பா எடுத்துக்காதீங்க. எங்களுக்கு அதுல இன்ட்ரெஸ்ட் இல்ல. இருக்கறத வச்சு நிம்மதியா இருக்கோம்."

அவர் என் தோளைப் பிடித்து அழுத்தினார். "அந்தத் தன்மானம் இருக்கணும் தம்பி. ஆனா ரொம்ப இருக்கக் கூடாது."

அவர்கள் போனதும் நாங்கள் அரிசி மூட்டையைப் புரட்டிப் பார்த்தோம், விசிட்டிங் கார்டு ஏதாவது சொருகியிருக்கிறதா என்று.

"அரிசி ஃப்ரீயா குடுத்து ஆள் பிடிக்கறாங்களா? புது டெக்னிக்கா இருக்கே" என்றாள் மனைவி. புளியோதரையை மட்டும் சாப்பிட்டோம். பிரமாதமாக இருந்தது. அதுவும் சந்தேகத்துக்கு இடமாகத்தான் பட்டது.

நான்கைந்து நாள் கழித்துக் காலையில் காபி போட்டுக்கொண்டிருந்தபோது போனில் ஒரு வங்கிச் செய்தி. ஊரில் எனக்கிருந்த கணக்கில் ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரம் ரூபாய் வரவு. ஏமாற்றுக்காரர்கள் முதலில் பணம் போட்டுவிட்டு அப்புறம் பிடுங்குவார்கள் என்று எங்கோ படித்திருந்தேன். செய்தியைத் தொடாமல் மடிக்கணினியில் கணக்கைத் திறந்து பார்த்தேன். போட்டவர் பெயர் மச்சானுடையது.

"ஆமா மாப்ள, நான்தான் போட்டேன். டிக்கெட் கேன்சல் பண்ணுன காசு."

"எந்த டிக்கெட்?"

"மாமா அத்தை டிக்கெட்டுதான். மாமா பண்ணச் சொன்னாரு. டிராவல்ஸ்காரன் புடிச்சது போக இவ்வளவுதான் குடுத்தான்."

"யாரக் கேட்டு மச்சான் பண்ணுனீங்க?"

"என்னைய ஏன் வையிற? மூடி மறைச்சது நீயி. எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் தர மாட்டனா?"

அவருக்குப் பணமுடை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் எனக்குத் தருவதாகச் சொல்கிறார். போனை வைத்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டேன். அன்று அவர் டீக்கடைக்குப் போகவில்லை, காத்திருந்தவர் போல உடனே எடுத்தார்.

"வேல போனா போகட்டும்யா. அத ஏன் பெத்தவங்ககிட்ட மறைக்கிற?"

"வேல போயிருச்சுன்னு யாருப்பா சொன்னா?"

"யாரு சொல்லணும்? நான் பாக்காத வீடா? மொதல்ல ஹால்ல கிடக்கிற பெரிய சாமான் போகும். அப்பறம் டிவி. அப்பறம் பொம்பள கையில கிடக்கிறது. எந்த வீட்டுல வண்டிய நிறுத்துனாலும் இதே வரிசைதான். கேட்டா எல்லாவனும் ஒண்ணு போலச் சொல்லுவான், பழசு, வேற வாங்கப் போறேன்னு. எப்பன்னு கேளு. பாப்போம்பான்."

பக்கத்தில் நின்ற என் மனைவி ஹாலைத் திரும்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவ்வளவு செலவு செய்து அழகாக்கிய ஹால், ஒரு நிமிஷம் அவர் சொன்னபடியேதான் தெரிந்தது.

"கரண்டையும் புடுங்கிட்டான். டீக்கடைக்காரரு தம்பிய அனுப்பிப் பாக்கச் சொன்னேன். அரிசி பருப்பெல்லாம் பாட்டில் அடியில கொஞ்சோண்டு கிடக்குன்னு அந்தம்மா அழுதுச்சாம். இதுல நாங்க ரெண்டு பேரும் வேற வந்து உக்காந்து திங்கணுமா?"

"அப்பா, இது டிசைன்ப்பா. ஒரு லேடிக்குக் காசு குடுத்துப் பண்ணியிருக்கோம்."

"காசு குடுத்துக் காலி பண்ணுறியா?"

"ஆமாப்பா."

"பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லுய்யா."

போனைக் கராஜுக்குக் கொண்டுபோய்ப் போர்வையில் சுற்றிய டிவியைக் காட்டினேன். "வாங்க வாரவன் இன்னும் வரல போல" என்றார். மனைவி ஓடிப்போய் வளையல்களை எடுத்துவந்து இரண்டு கையிலும் போட்டுத் திரைக்கு முன்னால் ஆட்டினாள். "பளபளன்னு இருக்கே" என்றாள் அம்மா ஆசையாக. "கவரிங்கும் பளபளக்கத்தான் செய்யும்" என்று பின்னாலிருந்து அப்பாவின் குரல்.

"மாமா! நான் கவரிங்கா போடுவேன்?" என்று கத்தினாள் மனைவி. கோபத்தில் ஆரம்பித்துச் சிரிப்பில் முடிந்தது அது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. சம்பளச் சீட்டைக் காட்டினால் அவருக்குப் படிக்கத் தெரியாது. படித்துச் சொல்கிறவன் நான். என்னைத்தான் அவர் நம்பவில்லை.

"ஆபீஸக் காட்டு" என்றார் கடைசியில்.

அன்று ஆபீஸ் வாசலில் காரை நிறுத்திவிட்டு மறுபடி கூப்பிட்டேன். கழுத்தில் தொங்கிய அட்டையைக் கதவோரப் பெட்டியில் காட்டினேன். சிவப்புப் புள்ளி பச்சையாகி, கதவு க்ளிக் என்றது.

"இன்னொருக்கா பண்ணு."

வெளியே வந்து மறுபடி காட்டினேன். பச்சை.

"வேல போனவன் அட்டைக்கித் தொறக்காதா?"

"தொறக்காதுப்பா. மொதல்ல அதத்தான் நிறுத்துவாங்க."

"எங்க, இன்னொருக்கா."

மூன்றாவது தடவை வெளியே வந்தபோது காவலாளி எழுந்து வந்துவிட்டார். காலை நேரத்தில் ஒருவன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தால் அவர் என்ன நினைப்பார்? எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டார். அப்பாவிடம் பேசுகிறேன் என்றேன். என் அட்டையை வாங்கி, படத்தையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்.

"யாருய்யா அது?" என்றார் அப்பா.

"வாட்ச்மேன்ப்பா."

"உன்னய உள்ள விடுறானா?"

காவலாளி அட்டையைத் திருப்பிக் கொடுத்துக் கதவை எனக்காகப் பிடித்துக்கொண்டு நின்றார். அதை அப்பா திரையில் பார்த்தார். பிறகு, "சரி, போய் வேலயப் பாரு" என்று வைத்துவிட்டார்.

அன்று மதியமே மச்சானிடம் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை, நானும் விளக்கவில்லை. பிளேனோ அங்கிளுக்கு ஒரு மரியாதைக்கு போன் செய்து நடந்ததைச் சொன்னதும் அவர் சிரித்த சிரிப்பில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. "அப்போ அரிசியத் திருப்பிக் குடுங்க தம்பி" என்றார்.

மே மாத டிக்கெட் எல்லாம் தீர்ந்துவிட்டது. ஜூனில் பள்ளி விடுமுறைக் கூட்டம், விலை ஏறிக் கிடந்தது. விலையைக் கேட்டால் அப்பா வர மாட்டார் என்பதால் அவரைக் கேட்காமலே எடுத்தேன்.

வந்தார்கள். அம்மாவுக்கு அந்தக் கீழ் அறை பிடித்துவிட்டது, ஆஸ்பத்திரி மாதிரி சுத்தமாக இருக்கிறது என்றாள். பாராட்டுத்தான். அப்பா முதல் வேலையாகக் கராஜைத் திறந்து டிவி இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. பிறகு ஹாலுக்கு வந்து, சுற்றிலும் பார்த்து, அந்த ஒற்றை நாற்காலியை ஒரு கையால் தூக்கிக் கனம் பார்த்துவிட்டு, அதிலேயே உட்கார்ந்தார். சாயங்கால வெளிச்சம் டிசைனர் சொன்ன இடத்தில்தான் விழுந்தது, அவர் முழங்காலில்.

"எல்லாம் முடிக்க எவ்வளவுய்யா ஆச்சு?" என்றார்.

கம்மிதான் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் அதை நம்பவில்லை என்று தெரிந்தது. இந்தத் தடவை அவர் சந்தேகம் சரி. டிசைனர், தரை, பெயிண்ட், நாற்காலி, ரத்தான டிக்கெட்டில் போனது, ஜூன் டிக்கெட்டில் ஏறியது, எல்லாம் சேர்த்துப் பத்தொன்பதாயிரத்து நானூற்று அறுபது டாலர்.